மூச்சு மிஷின் எழுதிய இரண்டாவது கோடு

பயந்தவன் கண்ணுக்கு எது வேண்டுமானாலும் தெரியும். வாழைமரம் ஆளாகி நிற்கும். காற்றடித்தால் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அதனால்தான் இந்த மாதிரி விஷயத்தை ஒருவர் சொன்னால், கேட்கிறவர் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்கிறார். தப்பில்லை. நானும் அப்படிக் கேட்கிறவன்தான்.

ஆனால் மிஷினுக்குப் பயம் கிடையாது. அது விபூதி பூசாது, இருட்டில் நடுங்காது. பூவாலங்குடியில் நடந்ததை முதலில் பார்த்தது மனுஷக் கண் இல்லை, ஒரு மிஷின். பார்த்ததைப் பேனாவால் காகிதத்தில் எழுதியும் வைத்தது. அந்தக் காகிதத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். காகிதம் பழுப்பேறிவிட்டது. கோடுகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு கோடுகள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1970ஆம் வருஷம், ஐப்பசி மாதம். டெல்டா முழுக்க சம்பா நடவு. நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்துச் சட்டம் வந்த நேரம். ஊருக்கு ஊர் கூலித் தகராறு. ஒரு பக்கம் செங்கொடி, இன்னொரு பக்கம் மிராசுதார்கள். திடீரென்று ஒரு வைக்கோல் போர் எரியும். யார் வைத்த தீ என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் மதுரம் குத்தாலத்துக்குத் தெற்கே இருக்கிற பூவாலங்குடிக்கு வந்து சேர்ந்தாள். தஞ்சாவூரில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு உடலியல் பாடம் எடுக்கிறவள். வயது இருபத்தெட்டு. எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்கிற சுபாவம். அவளுடைய அம்மா அவளோடு கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்கத் தண்ணீரில் குனிந்து நாற்று நடுகிற ஒரு பெண்ணின் உடம்பு எவ்வளவு எரிக்கிறது, அதற்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று அளந்து சொல்ல வேண்டும். இதுதான் வந்த வேலை. கூலியை முடிவு பண்ணுகிற கமிட்டிக்கு அந்த அறிக்கை போகும். மிராசுதார் தரப்புக்கு இது பிடிக்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை.

துணைக்கு வந்தவர் தியாகேசன். ஆய்வகத்தில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். வேனும் அவர்தான் ஓட்டுவார். ஐம்பது வயது, நெற்றி நிறைய விபூதி, அதிகம் பேசாத மனுஷர்.

பஞ்சாயத்துக் கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். ஒரே ஒரு பெரிய அறை. மூன்று பக்கமும் வயல். அங்கேதான் மிஷினை இறக்கி வைத்தார்கள்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்க்கப் பிரமாதமாக ஒன்றும் இருக்காது. ஒரு தொட்டியில் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கவிழ்ந்து மிதக்கிற இன்னொரு இலேசான தொட்டி. அதற்குள் ஆக்ஸிஜன். ரப்பர் குழாயின் முனையை வாயில் கவ்வி, மூக்கைக் கிளிப் போட்டு அடைத்துவிட்டால், அந்தத் தொட்டிக் காற்றைத்தான் ஆள் இழுக்க வேண்டும், அதிலேயே விட வேண்டும். விடுகிற கெட்ட காற்றை உள்ளே இருக்கிற ஒரு மருந்துத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். மூச்சு இழுத்தால் மிதக்கும் தொட்டி இறங்கும். விட்டால் ஏறும். அதோடு கட்டிய பேனா, சாவி கொடுத்தால் சுற்றுகிற உருளைமேல், காகிதத்தில் அலை அலையாகக் கோடு போடும். உடம்பு ஆக்ஸிஜனைச் செலவழிக்க, தொட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு செலவு.

குழாயில் இரண்டு ரப்பர் தடுக்குகள் உண்டு. ஒன்று இழுக்கும்போது திறக்கும், இன்னொன்று விடும்போது திறக்கும். அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சத்தம் வரும்.

டிக்... டப்.

டிக்... டப்.

வாயில் ஆள் இல்லையென்றால் சத்தம் கிடையாது. அசைவும் கிடையாது.

இந்தச் சோதனையை வெறும் வயிற்றில், விடிந்ததும் செய்ய வேண்டும். திங்கட்கிழமை முதலில் வந்தவள் நீலாம்பாள். இருபத்தைந்து வயதிருக்கும். நடவு வேலையில் அந்த ஊரில் அவளுக்கு மிஞ்சி ஆள் இல்லை. அன்றைக்கு முகம் வீங்கியிருந்தது.

"தூங்கலையா?" என்று மதுரம் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் வரலிங்க டாக்டரம்மா. நேத்து பொழுது சாயப் போனவரு."

அவள் புருஷன் வீரையன், ஊரில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். சர்க்காருக்குக் கொடுக்க வேண்டிய லெவி நெல்லைக் கொடுக்காமல் ஏஜெண்டு நடராசன் எங்கோ பதுக்கி வைத்திருக்கிறார், தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று வீரையன் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். மிராசுதார் மெட்ராஸில் இருந்தார். ஊரில் அவருக்குப் பதிலாக எல்லாம் நடராசன்தான்.

"ஏஜெண்டைக் கேட்டியா?"

"கேட்டேங்க. நாகப்பட்டினம் பஸ்ஸுல ஏறுனதைக் கண்ணால பாத்தேங்குறாரு. சொல்லாம போற ஆளு இல்லிங்க அவரு."

"அப்ப இதை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். நீ போய்த் தேடு."

"ஆத்துப் படித்துறை வரைக்கும் தேடியாச்சுங்க. காலு நிக்க மாட்டேங்குது. செத்த நேரம் படுக்குறேன். நீங்க பாக்குறதைப் பாருங்க."

படுத்தாள். அரை மணி நேரம் கழித்து வாயில் குழாயை வைத்தார்கள். உருளை சுற்ற ஆரம்பித்தது. மதுரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் அலை சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. அதற்கப்புறம் அலையின் மேல் வேறு ஏதோ ஏறியது. ஒரு பெரிய அலைக்குள் இரண்டு மூன்று சின்னச் சின்ன நெளிவு. இருமுகிறாளோ என்று பார்த்தாள். இல்லை. அழுகிறாளோ? இல்லை. நீலாம்பாளின் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தில் மட்டும்தான் நெளிவு.

சத்தமும் சரியாக இல்லை.

டிக்... டப். அதற்கு நடுவில், ரொம்ப இலேசாக, டிக்டப் டிக்டப்.

முடிந்ததும் கணக்குப் போட்டாள். படுத்துக் கிடக்கிற ஒரு பெண்ணுக்கு அவ்வளவு ஆக்ஸிஜன் செலவாக வழியே இல்லை. ஒன்றரை ஆள் மூச்சு விட்ட கணக்கு வந்தது.

"முழுகாம இருக்கியா?" என்று கேட்டாள்.

"இல்லிங்க."

முழுகாமல் இருந்தாலும் மிஷின் அப்படிக் காட்டாது என்பது மதுரத்துக்கே தெரியும். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டாள்.

அடுத்து வந்த நாலு பெண்களுக்கும் கோடு ஒழுங்காக விழுந்தது. நெளிவு இல்லை, கூடுதல் செலவு இல்லை. மிஷினில் கோளாறு இல்லை என்றுதானே அர்த்தம்?

பகலில் ஏஜெண்டு நடராசன் வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை. மிதக்கும் தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"உள்ள இருக்குற காத்து தீந்துட்டா என்ன பண்ணுவீங்க, டாக்டரம்மா?"

"தீர விடமாட்டோம். முன்னாடியே நிறுத்திடுவோம்."

"நிறுத்தலைன்னா?"

அவர் சிரித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே அறை இருட்டிவிட்டது. தியாகேசன் மறுநாளைக்காகத் தொட்டியில் ஆக்ஸிஜனை நிரப்பி, குழாயின் திருகை இறுக்கமாக மூடினார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கூப்பிட்டார்.

"மேடம், இதைப் பாருங்க."

தொட்டி பாதிக்கு இறங்கியிருந்தது.

"லீக் இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

மறுபடி நிரப்பினார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினார்கள். காற்று கசிந்தால் நுரை வர வேண்டும். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனாலும் தொட்டி இறங்கிக்கொண்டே இருந்தது. அதுவும் ஒரே சீராக இறங்கவில்லை. ஓட்டையாக இருந்தால் சீராக இறங்கும். இது இறங்கியது... கொஞ்சம் ஏறியது... மறுபடி இறங்கியது.

யாரோ உள்ளே இழுத்து விடுகிற மாதிரி.

மதுரம் உருளைக்குச் சாவி கொடுத்தாள். பேனா காகிதத்தைத் தொட்டது.

கோடு விழ ஆரம்பித்தது.

குழாயின் முனை மேஜைமேல் கிடந்தது. அதைக் கவ்வ ஆள் இல்லை. திருகு மூடியிருந்தது. பேனா மேலும் கீழும் போனது. பெரிய, நிதானமான அலை. ஒரு வளர்ந்த ஆம்பிளையின் மூச்சு. அதன் மேலே, காலையில் பார்த்த அதே சின்ன நெளிவு.

இரண்டு பேர்.

டிக்... டப். டிக்டப் டிக்டப்.

தியாகேசன் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "முருகா" என்றார்.

மதுரம் உருளையை நிறுத்தினாள். அப்புறமும் தொட்டி நிற்கவில்லை. இருட்டில், தண்ணீரில், தானாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அது அடித்தட்டில் முட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் முட்ட விடக்கூடாது என்று மட்டும் தோன்றியது. ஏன் தோன்றியது என்று கடைசிவரைக்கும் அவளால் சொல்ல முடியவில்லை.

"நிரப்புங்க" என்றாள்.

"மேடம்..."

"நிரப்புங்க தியாகேசன்."

அன்றைக்கு இருவரும் அந்த அறையைவிட்டுப் போகவில்லை. இறங்க இறங்க நிரப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. வானம் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. மதுரம் மறுபடி உருளைக்குச் சாவி கொடுத்தாள். சின்ன நெளிவு அப்படியே இருந்தது. அதை அளந்து பார்த்தாள். ஒவ்வொரு நெளிவும் எவ்வளவு காற்று, நிமிஷத்துக்கு எத்தனை என்று. ஏழெட்டு வயதுக் குழந்தையின் மூச்சு அது. சந்தேகமே இல்லை.

பெரிய அலை மாறிவிட்டது.

ஆழமாகியிருந்தது. வேகமாகியிருந்தது. ஒவ்வொரு அலையும் முந்தினதைவிட உயரமாக எழுந்தது. அந்தப் படத்தை அவள் வருஷா வருஷம் மாணவர்களுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள். மூடின பைக்குள் ஒருவனை மூச்சுவிடச் சொன்னால் இப்படித்தான் வரும். காற்று கெடக் கெட, உடம்பு இன்னும் இன்னும் என்று கேட்கும். அப்புறம் அலை குறையும். நடுவில் இடைவெளி விழும். அப்புறம்...

யாரோ ஒருவன் எங்கேயோ மூடிய இடத்தில் கிடக்கிறான். இப்போது. இந்த நிமிஷம்.

குழாயின் முனையிலிருந்து ஏதோ வெளியே வந்தது. சின்னதாக, பழுப்பாக. மேஜைமேல் ஊர்ந்து, சிறகை உதறிப் பறந்தது. அந்துப்பூச்சி. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் வாடை. மக்கிய, சூடான, மூக்கை அடைக்கிற வாடை. மதுரத்தின் தாத்தாவுக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. அந்த வாடை அவளுக்குத் தெரியும். பழைய நெல்.

வாசலில் நீலாம்பாள் நின்றாள். மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள்.

"டாக்டரம்மா, அவரு நாகப்பட்டினம் போகலிங்க. சங்க ஆபீசுக்கு வரவே இல்லையாம். ஆளு வந்து சொல்லிட்டாங்க..."

"நீலாம்பா, இந்த ஊர்ல பழைய நெல்லு எங்க இருக்கு?"

"என்னங்க?"

"பழைய நெல்லு. பூச்சி புடிச்ச நெல்லு. எங்க இருக்கு?"

"ஐப்பசியில ஏதுங்க நெல்லு? எங்க யார் வீட்டுலயும் ஒரு மரக்கா கெடையாது." அவள் கண் பெரிதானது. "பண்ணைக் களத்துல பத்தாயம் இருக்குங்க."

"எவ்வளவு தூரம்?"

நீலாம்பாள் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள்.

"தியாகேசன், நீங்க இங்க இருங்க. பேனாவைப் பாத்துக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க!" என்று கத்திவிட்டு மதுரமும் ஓடினாள்.

வரப்பு வழுக்கியது. இரண்டு தடவை விழுந்தாள். நடவில் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நீலாம்பாள் ஒரே ஒரு குரல்தான் கொடுத்தாள்: "அவரு களத்துல இருக்காருடீ!" நாற்று முடிகளை அப்படியே போட்டுவிட்டு அத்தனை பேரும் ஏறி வந்தார்கள். தங்கையன் என்று ஒரு வயசாளி மடை வெட்டிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு வந்தார்.

களத்துக் கட்டடத்தில் பெரிய பூட்டு. காவலுக்கு ஆள் இல்லை. தங்கையன் நாலு போடு போட்டார். பூட்டோடு கொண்டி பெயர்ந்தது.

உள்ளே இருட்டு. சுவரை ஒட்டி நின்றது பத்தாயம். ஆளுயரத்துக்கு மேல், தேக்குப் பலகையால் அடித்த நெல் பெட்டி. மேலே மூடி. கீழே ஒரு சின்னக் கதவு. பூச்சி போகாமல் இருக்கப் பலகைச் சந்தெல்லாம் சாணி வைத்து மெழுகியிருந்தது.

மதுரம் விரலால் தொட்டாள்.

சாணி ஈரமாக இருந்தது.

"இங்கதான். மேல் மூடியை உடைங்க!"

மண்வெட்டி இறங்கியது. ஒரு தடவை. இரண்டு தடவை. மூடி பிளந்தது.

சூடான காற்று முகத்தில் அடித்தது. அந்துப்பூச்சி புகை மாதிரி எழுந்தது.

நீலாம்பாள் ஏறி உள்ளே கையை விட்டாள்.

துழாவினாள்.

"இருக்காரு..."

கைகள் பின்னால் கட்டியிருந்தன. வாயில் திணித்த துணி கழுத்துக்கு நழுவிக் கிடந்தது. இழுத்து வெளியே போட்டார்கள். உதடு நீலம். நகம் நீலம். மதுரம் நெஞ்சில் காது வைத்தாள்.

ஒன்றுமில்லை...

ஒன்றுமில்லை...

டப்.

வாயோடு வாய் வைத்து ஊதினாள். மறுபடி ஊதினாள். வீரையன் ஒரு பெரிய மூச்சை இழுத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு நீலாம்பாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேனை எடுத்துவர ஓடிய பெண்ணோடு தியாகேசன் வந்து சேர்ந்தார். வீரையனை ஏற்றிக்கொண்டு மாயவரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் மதுரம் ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்கே என்று கேட்டாள்.

"காலி மேடம்" என்றார் தியாகேசன், ரோட்டைப் பார்த்தபடி. "ஒரு மாசத்துக்கு வர வேண்டியது. சுத்தமா காலி."

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே சொன்னார்.

"நீங்க போன பிறகு நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பெரிய அலை ஓயற மாதிரி வந்துச்சு. அப்பறம் சடார்னு ஒரு பெரிய எழுப்பு. அதோட நின்னுடுச்சு. கோடு நேரா போயிடுச்சு."

"அவனை வெளிய எடுத்த நேரம்."

"ஆமா." கியரை மாற்றினார். "சின்னது நிக்கல மேடம். நான் கெளம்பற வரைக்கும் நிக்கல. தொட்டி அடியில முட்டிடுச்சு. உள்ள துளி காத்து இல்ல. அப்பவும் அது பாட்டுக்கு..."

மதுரம் வீரையனின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

சாயங்காலம் திரும்பிவந்து பார்த்தபோது உருளை ஓய்ந்திருந்தது. காகிதத்தின் கடைசி ஓரம்வரைக்கும் அந்தச் சின்ன நெளிவு ஓடியிருந்தது.

வீரையன் பிழைத்துக்கொண்டான். ஏஜெண்டு நடராசனைக் கும்பகோணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிடித்தார்கள். மிரட்டத்தான் போட்டோம், மறுநாள் எடுத்துவிடலாம் என்று இருந்தோம் என்றாராம். ஜாமீனில் வந்தார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

பதுக்கிய நெல்லைப் பறிமுதல் செய்ய அடுத்த வாரம் தாசில்தார் ஆட்களோடு வந்தார். பத்தாயத்துக்குள் நடுவே ஒரு தடுப்புப் பலகை இருந்தது. வீரையன் கிடந்த முன்னறையில் போன அறுவடை நெல். பின்னறையில் ரொம்பப் பழையது, கறுத்து, கட்டி தட்டிப்போய். பின்னறையின் அடிநெல்லை அள்ளுகிற வழக்கம் இல்லை என்று பண்ணை ஆட்கள் தடுத்துப் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அது அப்படித்தான் என்று மட்டும் சொன்னார்கள். தாசில்தார் கேட்கவில்லை. அள்ளச் சொன்னார்.

அடியில், மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி எலும்புகள் இருந்தன. சின்ன எலும்புகள். கையில் ஒரு பித்தளை வளையல். பக்கத்தில் ஒரு விளக்குமாறு.

போலீஸ் டாக்டர் பார்த்துச் சொன்னார்: பெண் குழந்தை. ஏழு அல்லது எட்டு வயது. இறந்து இருபது முப்பது வருஷம் இருக்கும்.

வளையலை அடையாளம் காட்டியது நீலாம்பாளின் அம்மா ரெங்கம்மாள். நீலாம்பாள் பிறப்பதற்கு முன்னால் அவளுக்கு ஒரு மூத்த பெண் இருந்தாள். செவ்வந்தி. பண்ணையில் சில்லறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஒரு நாள் வீடு திரும்பவில்லை. குளிக்கப் போனாள், ஆறு கொண்டுபோய்விட்டது என்று பண்ணையில் சொன்னார்கள். ரெங்கம்மாள் கரையோரமாகவே நடந்து நடந்து, கடல்வரைக்கும் தேடியிருக்கிறாள். பெரியவர்கள் நுழைய முடியாத சந்தில் கூட்டிப் பெருக்கக் குழந்தைகளைத்தான் பத்தாயத்துக்குள் இறக்குவார்கள். அதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை. மேலேயிருந்து புது நெல்லைக் கொட்டியவர்கள் கீழே பார்க்கவில்லை. அல்லது, அப்புறம் பார்த்துவிட்டு, அடிநெல்லை அள்ளக்கூடாது என்று வழக்கம் வைத்தார்கள்.

இதையெல்லாம் வீரையனிடம் சொல்ல வேண்டாம், உடம்பு தேறட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நீலாம்பாளும் சொல்லவில்லை. ஊரிலிருந்து யாரையும் அவனிடம் விடவில்லை.

மதுரம் அவனைப் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல் வழியாக நல்ல வெயில். அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்த முன்னறையின் நீளம் அகலம், அதில் கிடந்த நெல், மிச்சமிருந்த காற்று, எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். எப்படிப் போட்டாலும் திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் அவன் செத்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை உயிரோடு எடுத்தார்கள்.

"உள்ள என்ன பண்ணினே, வீரையா? எப்படித் தாங்கினே?"

அவன் நீலாம்பாளைப் பார்த்தான். அப்புறம் மேலே விட்டத்தைப் பார்த்தான்.

"சொன்னா சிரிப்பீங்க டாக்டரம்மா."

"சிரிக்க மாட்டேன்."

"மொதல்ல கத்தினேங்க. தொண்டை கிழியக் கத்தினேன். பலகையை ஒதச்சேன். நெஞ்சு அடைக்க ஆரம்பிச்சிருச்சு. அப்பத்தான்... பலகைக்கு அந்தாண்ட யாரோ மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. சின்னப் புள்ளை. பொடிசு. பேசுச்சுங்க."

நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பேசிச்சு?" என்று மதுரம் கேட்டாள்.

வீரையன் அந்தக் குரலை நினைத்துப் பார்க்கிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டான்.

"'கத்தாத, கத்துனா காத்து தீந்துரும்'னுச்சு. 'நான் ரொம்ப நாளு கத்திப் பாத்துட்டேன். யாரும் வரல'ன்னுச்சு."